அடுப்பும் ஆகாயமும்

தில்லியிலோ கான்பூரிலோ பாட்னாவிலோ சில குளிர்காலங்களைக் கழித்த தமிழர் எவரும் ஒரு மணத்தை மறந்திருக்க மாட்டார்கள். பொழுது புலருமுன் தெருவில் இறங்கினால் மூடுபனியோடு கலந்து வந்து கண்ணைக் கரிக்கும் புகையின் மணம் அது. வாளியைப் போன்ற அங்கீட்டியில் கரியை நிரப்பி, அடியில் வறட்டியைக் கொளுத்தி, வாயிற்படிக்கு வெளியே வைத்துவிடுவார்கள். புகை அடங்கிக் கனல் சிவந்த பின்னரே அது சமையலறைக்குள் செல்லும். நம் வீடுகளில் இருந்த குமுட்டி அடுப்புக்கு அது உறவுமுறைதான். அந்தப் புகை எங்கே போகிறது என்று அந்நாளில் நாம் கேட்டதில்லை. மேலே போய்விட்டது என்று எண்ணி அமைதியடைந்தோம்.

மேலே போனது போய்விடவில்லை என்பதே இன்று அறிவியலார் நமக்குச் சொல்லும் செய்தி. பூமியின் வெப்பம் ஏறுகிறது, பருவங்கள் நிலைபிறழ்கின்றன. இதற்குத் தனி மனிதன் செய்யக்கூடியது யாது என்று எங்கும் பேசப்படுகிறது. மரம் நடுக என்பார் உளர். துணிப்பை கொள்க என்பார் உளர். இவை நல்லனவே. ஆயினும் இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பு. நாள்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் மூட்டப்படும் நெருப்பு அது. மேலும், அதனைத் திருத்தும் முயற்சிக்கு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சிறு செயல்களில் எவை வேர்கொண்டன, எவை வாடின, ஏன் வாடின என்பதை அவ்வரலாற்றிலே காணலாம்.

மூன்று கல் வைத்து மூட்டும் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சியது காற்றுக்கும் சுவருக்கும் போகிறது. இதனை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தமிழ் வீடுகளில் முதல் அடுப்பின் அனல் ஒரு துளை வழியே அடுத்த அடுப்புக்குச் செல்லுமாறு கட்டி, அதற்குக் கொடியடுப்பு என்று பெயரிட்டனர். சோறு பொங்குவது முதலடுப்பில். குழம்பு சூடாறாமல் நிற்பது கொடியடுப்பில். பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்கள் வரைந்த அடுப்புகள் பலவற்றுக்கு உயிர்நிலையான கருத்து இதுவே. ஆனால் கொடியடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. அனல் வீணாகவில்லை, புகையோ முழுவதும் சமைப்பவளின் மூச்சுக்கு உரியதாயிற்று.

இந்திய அடுப்பின் நவீன வரலாற்றை 1910-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டிலே கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்னும் கருவியை அமைத்தார். அவர் மருத்துவர், சட்டமும் பயின்றவர், தத்துவமும் பௌதிகமும் தாவரவியலும் கற்றவர். இத்தனை படித்த ஒருவர் சோற்றுப் பானையைப் பற்றிச் சிந்திக்க நேரம் கண்டார் என்பதே நமக்கு வியப்பளிப்பது. புரி ஜகந்நாதர் ஆலய மடைப்பள்ளியில் மண்கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆவியிலே சமைக்கும் முறையைக் கண்டு அவருக்கு இக்கருத்துத் தோன்றியது என்று சொல்வர்.

கருவியின் அமைப்பு எளியது. நம் அடுக்குத் தூக்கைப் போன்ற பாத்திரத் தொகுதி ஒன்று. அது நீர் ஊற்றிய பெரிய உருளைக்குள் இறங்கும். உருளையின் அடியில் சிறிது கரி. ஒரு தட்டில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய் அல்லது இறைச்சி. கரியை மூட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். திரும்பி வரும்போது கரி தணிந்திருக்கும். உணவு சூடாக இருக்கும். சுகாதாரம், சிக்கனம் என்னும் பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் வால்களை ஒட்டிப் பெயரையும் அவரே புனைந்தார். தனியே அறை எடுத்துத் தங்கிய அலுவலர், மாணவர், பயணிகள் ஆகியோர் இதனை விரும்பி வாங்கினர். ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கு இதன் அருமை சொல்ல வேண்டுவதில்லை. இதனை வாங்கும்படி அரசாங்கம் எவரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பயன்படுத்துவோர் கைக்கு உடனே பயன் தெரிந்தது, ஆகவே பரவியது. இந்த ஒரு குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அடுத்து நாம் செல்லவேண்டிய இடம் வார்தா. 1934-ஆம் ஆண்டு டிசம்பரில் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். சொந்த மாநிலத்தை விட்டுச் சென்று, மொழி வேறான மண்ணில் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட தமிழருள் அவரும் ஒருவர். வார்தாவில் சங்கம் இயங்கிய இடம் மகன்வாடி எனப்பட்டது. காந்தியடிகளின் உறவினரும் சபர்மதி ஆசிரமத்தைக் கட்டிக் காத்தவருமான மகன்லால் காந்தியின் நினைவாக அமைந்த பெயர் அது. அங்கே மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு உருவாயிற்று. 1940-களில் புகையைக் குழாய்வழி வெளியேற்றும் மகன் சூலா என்ற மண்ணடுப்பும் அங்கே உருவாயிற்று.

விளக்குக்கும் அடுப்புக்கும் பின்னே குமரப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. சிறையில் இருந்தபோது அவர் எழுதி 1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் ஆங்கில நூலைப் படித்தோர் அதனை அறிவர். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது ஆகியவை தேங்கி நிற்கும் செல்வம். எடுக்க எடுக்கக் குறைவன. காடும் பயிரும் ஓடிக்கொண்டிருக்கும் செல்வம். வளரும் அளவுக்குள் எடுத்தால் குறையாதன. முதல் வகையின்மேல் கட்டிய வாழ்வு போட்டியையும் போரையும் கொண்டுவரும் என்று அவர் கருதினார். நிலக்கரியால் வானமே சூடேறும் என்று அவர் சொன்னதாக நாம் கூற வரவில்லை. அவர் கவலை வேறு. ஆனால் கவலை வேறாயினும் அவர் காட்டிய வழி நம் காலத்தின் கவலைக்கும் பொருந்துகிறது. ஒரு கிழவியின் அடுப்பைத் திருத்துவது பொருளியல் அறிஞனுக்குத் தகுதியான வேலை என்று அவர் எண்ணியதை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

விடுதலைக்குப் பின் இம்முயற்சி ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு அமைத்த மண்ணடுப்பில் தீவாய் ஒன்று, அதையடுத்து வரிசையாகப் பாத்திரத் துளைகள், முடிவில் புகைபோக்கி. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்னும் கருத்தையே தலைப்பாகக் கொண்ட அவருடைய சிறு நூல் 1953-இல் சென்னையிலே அச்சாயிற்று. சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவிகைகள் இத்தகைய அடுப்புகளை ஊர்தோறும் காட்டிச் சென்றனர். காட்டியபோது எல்லாரும் வியந்தனர். சேவிகை அடுத்த ஊருக்குப் போனபின் புகைபோக்கியில் கரி அடைத்தது. அதனை எடுக்கும் முறையை எவரும் கற்றிருக்கவில்லை. துளை ஓர் அளவு, வீட்டுப் பானை வேறோர் அளவு. இழுப்பு மிகுந்தால் புகையோடு அனலும் குழாய் வழியே போய்விடும். பழைய மூன்று கற்கள் மீண்டும் வந்தன.

அதே காலத்தில் தில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் எம். எல். கை என்னும் விஞ்ஞானி சூரிய அடுப்பு ஒன்றை அமைத்தார். வளைந்த உலோகக் கண்ணாடி வெயிலைக் குவித்துப் பாத்திரத்தின் அடியைச் சுடவைக்கும். விறகு வேண்டா, புகை இல்லை, செலவும் இல்லை. பத்திரிகைகள் புகழ்ந்தன, பம்பாயில் தொழிற்சாலையும் உற்பத்தியில் இறங்கியது. ஆயினும் அது விலைபோகவில்லை. இல்லத்தரசியின் நாளை எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் வெயில் ஏறுமுன் உணவு வேண்டும். குடும்பம் கூடி உண்பது இருட்டிய பின்பு. உச்சிவெயில் அடிக்கும் நேரத்தில் அவள் வயலிலே இருக்கிறாள். வீட்டில் இருந்தாலும், தலையில் வெயில் தாக்க முற்றத்தில் நின்று, சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு, அக்கம்பக்கத்தார் காண எந்தப் பெண் குழம்பு வைப்பாள்? மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் வேறு. கருவியில் குறையில்லை. சமையல் என்பது வெப்பம் மட்டும் அன்று என்பதை வரைந்தவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இடைக்காலச் செய்திகள் சிலவற்றை விரைந்து சொல்லிவிடுவோம். சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் முறையை ஜஷ்பாய் படேல் 1950-களில் செப்பனிட்டார். காதி கிராமத் தொழில் ஆணையம் அதனைப் பரப்பியது. மாடுகள் பல உடையவர் வீட்டில் அது நிலைத்தது. 1955-இல் பம்பாயிலும், 1965-இல் இந்தேன் என்ற பெயரில் கல்கத்தாவிலும் உருளைகளில் அடைத்த எரிவாயு வீடுகளுக்கு வந்தது. 1959-ஐ ஒட்டிப் பிரஷர் குக்கர் நம் நாட்டிலேயே செய்யப்படலாயிற்று. இவற்றுள் பிரஷர் குக்கர் சத்தமில்லாமல் செய்த புரட்சியை (அதன் சீழ்க்கையை நீக்கிச் சொல்கிறோம்) வரலாற்று நூல்கள் போதிய அளவு குறிக்கவில்லை என்பது நம் கருத்து.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அடுப்பு மீண்டும் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமூல்ய ரெட்டி ‘அஸ்திரா’ என்னும் ஊரக அறிவியல் பிரிவைத் தொடங்கினார். தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் விறகு எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், எத்தனை நேரம் நடக்கிறார்கள் என்பதை அவர் குழுவினர் வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். அவர்கள் அமைத்த மூன்று கல அடுப்புக்கு ‘அஸ்திரா ஒலெ’ என்று பெயர். கன்னடத்து ‘ஒலெ’யும், உலை கொதிக்கிறது என்று நாம் சொல்லும் ‘உலை’யும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய உறவுகளைக் கண்டால் மகிழ்ச்சி பிறக்கிறது. அலுவலகத் தாள்களில் ‘மேம்படுத்தப்பட்ட அடுப்பு’ என்று எழுதும்போது அம்மகிழ்ச்சி இல்லை.

ஆயினும் இவ்வரலாற்றின் நடுநாயகம் என்று நாம் கருதுவது ஹரியானாவில் சிவாலிக் குன்றுகளின் அடியில், சண்டிகரை அடுத்துள்ள நாடா என்னும் சிற்றூர். 1980-ஐ ஒட்டி, கட்டடக் கலை பயின்ற மது சரீன் என்ற பெண்மணி அவ்வூர்ப் பெண்களோடு அமர்ந்து பேசினார். அவர் அடுப்பு ஒன்றைக் கையில் கொண்டுவரவில்லை. அவர்களுடைய அடுப்பிலிருந்தே தொடங்கினார். வடநாட்டு அடுப்பின் வாய்க்குச் சோற்றடுப்பில் இல்லாத வேலை ஒன்று உண்டு. தவாவில் வாட்டிய ரொட்டியைக் கனலின் எதிரே நிறுத்தினால்தான் அது பூரித்து எழும். வாயைச் சிறிதாக்கினால் விறகு மிச்சப்படும் என்பது பொறியாளர் கணக்கு. ரொட்டி உப்பாது என்பது சமைப்பவள் கணக்கு. இரண்டு கணக்கும் ஒத்துவரும்வரை மண்ணைக் குழைத்துக் கட்டுவதும் இடிப்பதும் மீண்டும் கட்டுவதுமாக வேலை நடந்தது. அந்தந்த வீட்டுப் பானையை வைத்தே துளையின் அளவு எடுக்கப்பட்டது. நாடா சூலா என்று அதற்குப் பெயர் வந்தது.

அதனைக் கட்டுவதற்குப் பெண்களே பயிற்சி பெற்றனர். கொத்தர் வேலை ஆணுக்கே உரியது என்றிருந்த ஊரில், பெண் மிஸ்திரிகள் கூலி பெற்று அடுப்புக் கட்டினர். பிற ஊர்களுக்கும் சென்று கற்பித்தனர். கட்டியவளே அண்டை வீட்டுக்காரியாக இருந்ததால், விரிசல் கண்டால் பூசவும், கரி அடைத்தால் எடுக்கவும் ஆள் இருந்தது. மது சரீன் பெரிய எந்திரம் எதனையும் கண்டுபிடிக்கவில்லை. சமைக்கிறவளைக் கேட்டார். முப்பது ஆண்டுகளாக ஒருவரும் நிலையாகச் செய்யாத காரியம் அது.

1983-இல் மத்திய அரசு தேசிய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. எண்ணிக்கை பெரியது. கட்டிய அடுப்புகளை எண்ணினார்களே யொழிய, மூட்டிய அடுப்புகளை எண்ணவில்லை. பின்னர்ச் சென்று பார்த்த ஆய்வாளர்கள் பல இடங்களில் அவை உடைந்தும் கைவிடப்பட்டும் கிடந்ததைக் கண்டனர். மானியம் கொடுத்து ஒரே அளவில் செய்த அடுப்புக்கும் நாடாவின் அடுப்புக்கும் இருந்த வேற்றுமை எது என்பதை மீண்டும் சொல்ல வேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நம் நாட்டு வீடுகளில் ஏறத்தாழப் பாதியளவு விறகிலேயே சமைத்தன.

இதற்கிடையே புகையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. அமெரிக்கரான கர்க் ஸ்மித் 1981-இல் குஜராத்துச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள் மூச்சில் ஏற்கும் புகையை அளந்தார். உலகம் அதுவரை நகரத்து ஆலைப்புகையை அளந்துகொண்டிருந்தது. அதைவிடக் கொடியது குடிசைக்குள்ளே இருந்தது. அப்புகை குடிசையோடு நிற்கவில்லை என்பதைக் காட்டியவருள் முதன்மையானவர் வீரபத்ரன் ராமநாதன். அவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். பதினொன்றாம் வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் பெயர்ந்து, புரியாத ஆங்கிலத்தில் பாடம் கேட்க நேர்ந்தவர். இத்துன்பத்தை இவ்வுரையின் வாசகர் பலரும் தம் பிள்ளைகளின் முகத்திலே கண்டிருப்பர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற அவர், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் பூமியைச் சூடேற்றும் என்பதை 1975-இல் நிறுவினார். 1999-இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வை முன்னின்று நடத்தியபோது, அக்கடலின்மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று பரந்து கிடப்பதைப் பன்னாட்டு அறிஞர்களோடு கண்டறிந்தார்.

அப்படலத்தின் கரித்துகள் எங்கிருந்து வந்தது? மாலத்தீவிலும், புனேக்கு அருகில் சிம்மகட்டிலும் காற்றை வடித்தெடுத்து ஆராய்ந்த முடிவு 2009-இல் வெளியாயிற்று. விறகு, வறட்டி, வயற்கழிவு போன்றவற்றை எரிப்பதால் வந்தது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. எஞ்சியது நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றால் வந்தது. கரித்துகள் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இமயப் பனியின்மேல் படிந்தால் உருகுதலை விரைவாக்குகிறது. ஆனால் கரியமில வாயுவைப் போல நூற்றாண்டுக் கணக்கில் நிற்பதில்லை. சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில், மழையோடு இறங்கிவிடும். இன்று அடுப்பில் புகை நின்றால் அடுத்த திங்களே வானம் அந்த அளவுக்குத் தெளியும். ராமநாதன் 2009-இல் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் அடுப்பு மாற்றும் ஆய்வை மேற்கொண்டதன் காரணம் இதுவே.

2016-ஆம் ஆண்டு மே முதல் நாள் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019-க்குள் எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. பல வீடுகளில் உருளையும் மண்ணடுப்பும் அருகருகே இருக்கின்றன. விருந்தினர்க்குத் தேநீர் உருளையில். மாட்டுக்குத் தீவனமும் குளிப்பதற்கு வெந்நீரும் விறகில். மறு உருளை வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் எல்லாமே விறகில். அவ்வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பூமியைக் காக்க எரிபொருளைக் குறைத்துக்கொள் என்று சொல்வது அறமாகாது. அவள் இன்னும் சிறிது மிகுதியாக எரிவாயு எரிக்கட்டும். அவள் மூச்சு சீர்படும். குறைக்க வேண்டியவர்கள் எரிவாயுவுக்கு விலை பார்க்காத நாம்.

நம் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்கு வரும் உருளையில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு வானில் சேரும். காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடிக்கொள்வதால் எடை பெருகுகிறது. நம் நாட்டில் எரியும் இவ்வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. 1978-இல் தோன்றிய பெட்ரோலியச் சிக்கன ஆய்வுக் கழகம் சொல்லிவரும் எளிய அறிவுரைகள் பல நம் பாட்டிமார் சொன்னவை: பருப்பையும் பயற்றையும் ஊறவை; வேண்டிய அளவே நீர் ஊற்று; மூடி போடு; கொதி வந்தால் தீயைத் தணி.

கடைசி அறிவுரைக்குக் காரணம் சொல்லிவிடலாம். திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியபின் எத்தனை பெருந்தீ வைத்தாலும் அதன் சூடு ஏறாது. மிகுதி வெப்பம் ஆவியாகவே போகும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க வேண்டும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு, அதனை முழுதும் ஆவியாக்க வேண்டும். ஆகவே மூடியில்லாமல் தளதளவென்று கொதிக்கும் பாத்திரம் பருப்பை விரைவில் வேகவைப்பதில்லை, சமையலறையைத்தான் வேகவைக்கிறது. சிம்லாவிலும் லேயிலும் பணியாற்றிய நம்மவர்க்கு இதன் மறுபுறமும் தெரியும். அங்கே நீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் துவரம் பருப்பு மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். பிரஷர் குக்கரில் வெப்பம் 120 டிகிரி வரை ஏறுவதால் சிறிது நேரத்தில் குழையும்.

குக்கரை இறக்கியவுடன் நீரை ஊற்றித் திறப்பார் உண்டு. அவசரமில்லாத நாளில் ஆவி தானே அடங்கட்டும் என்று விட்டால், தீயே இல்லாமல் அந்நேரத்திலும் உள்ளே சமையல் நடந்துகொண்டிருக்கும். அந்த அளவுக்கு முன்னதாகவே தீயை அணைத்துவிடலாம். அடித்தட்டில் பருப்பு, நடுத்தட்டில் அரிசி, மேல்தட்டில் காய் என்று நம் வீடுகளில் அடுக்கி வைப்பது, 1910-இல் இந்துமாதவ மல்லிக் அடுக்கி வைத்ததுதான்.